‘அரைத்தூக்கம்’ பதிவான ஆடி மாதம்

போன வாரம் வீட்டில் ஒரு பழைய தலையணை தையல் விட்டுக்கொண்டது. பஞ்சு பறந்து மூக்கில் ஏற, எனக்கு அடுக்கடுக்காகத் தும்மல். கணவர் அலர்ஜி மாத்திரையைத் தேடினார். எனக்கோ பாட வேண்டும் போலிருந்தது. இலவம்பஞ்சு வாசனை வந்தாலே எனக்குத் தும்மலும் பாட்டும் சேர்ந்தேதான் வரும். காரணம், நான் ஒரு காலத்தில் ஓர் இசைக்குழுவின் பாடகி. சிரிக்காதீர்கள், ஆல்பமே போட்டிருக்கிறோம்.

அப்போது தில்லைநகரில் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தேன். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு ஆளை உள்ளே அனுப்புவதுதான் வேலை. ஃபைரோஸ் தன் அத்தாவை, அதாவது அப்பாவை, புரை பார்க்க அழைத்து வந்திருந்தான். கிளம்பும்போது மேசைப் பக்கம் வந்து, "தப்பா நெனைக்காதீங்க, நீங்க டோக்கன் கூப்பிட்டா தூக்கம் வருதுங்க" என்றான். புகார் சொல்ல வேண்டுமானால் மேனேஜர் மாடியில் இருக்கிறார் என்று நான் கை காட்டினேன். அது பாராட்டு என்று எனக்குப் புரியவைப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. அவன் கிட்டார் வாசிப்பவனாம். அவன் நண்பன் ரங்கு, ஸ்ரீரங்கத்துக்காரன், கீபோர்டும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்பவனாம். தூக்கம் வரவழைக்கும் ஒரு குரலைத்தான் இருவரும் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

‘ட்ரீம் பாப்’ என்ற சொல்லை அன்றுதான் முதல்முறை கேட்டேன். கிட்டார் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்க வேண்டும். பாடுகிறவர் பாதி உறக்கத்தில் இருக்கிற மாதிரி பாட வேண்டும். வார்த்தை புரிந்துவிட்டால் தோல்வி. சர்ச் பாடல்குழுவில் "வாயத் தொறந்து பாடு" என்று திட்டு வாங்கியே வளர்ந்த எனக்கு இது பரலோக ராஜ்ஜியம் இல்லையா?

ஒத்திகை நடந்த இடம் பெரிய கடைவீதிப் பக்கம், ஃபைரோஸின் அத்தா நடத்திய மெத்தைக் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கு. நாலு பக்கமும் கூரை வரை இலவம்பஞ்சு மெத்தை. எவ்வளவு கத்தினாலும் சத்தம் தெருவுக்குப் போகாது, அண்டை வீட்டுச் சண்டை கிடையாது. குழுவின் பெயரும் அங்கேயே கிடைத்தது: ‘இலவம்’. நான் பாதிப் பாட்டில் தும்முவேன். அத்தா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பாடுற பிள்ளைக்குக் காய்ச்சலா என்று மகனிடம் விசாரித்தார். பாட்டே அப்படித்தான் என்றதும் இரக்கத்தோடு எனக்கு இஞ்சி டீ சொல்லி அனுப்பினார். அதன்பிறகு ஒத்திகை தவறாமல் டீ வந்தது.

அந்தக் கிடங்கில் ஒரே ஒரு குறை. எங்கள் இசைக்கு உயிரே எதிரொலிதான்; மெத்தைகளோ ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அதைக் குடித்துவிட்டன. கம்ப்யூட்டரில் எதிரொலி சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்டுவிட்டேன். ரங்குவின் முகம், பிரசாதத்தில் உப்பில்லை என்று யாரோ சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நிஜ எதிரொலிதான் வேண்டும் என்றான். அவன் குடியிருந்த அடுக்ககத்தின் மாடிப்படியில் முயன்றோம். இரண்டாவது பாட்டில் ஒரு மாமி கதவைத் திறந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினார். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையின் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் இறங்கினேன். எதிரொலி பிரமாதம். மூச்சுதான் முட்டியது.

கடைசியில் ஆடி மாதம் கைகொடுத்தது. ஆடியில் கல்யாணம் ஏது? பாலக்கரையில் ஒரு கல்யாண மண்டபம் சும்மா பூட்டிக் கிடந்தது. மேனேஜர் ஃபைரோஸுக்குத் தெரிந்தவர். பந்தல்காரரும் சமையல்காரரும் எட்டிப் பார்க்காத மாதத்தில் யாராவது வந்தால் சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மணமேடையில் நின்று முதல் வரியைப் பாடினேன். குரல் பந்தி மண்டபம் வரை போய், கை கழுவிக்கொண்டு திரும்பி வந்தது. ரங்கு கண்ணை மூடிக்கொண்டான்.

ஆனால் அவசரம் ஒன்று இருந்தது. ஃபைரோஸ் துபாய் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். விசா எப்போது வேண்டுமானாலும் வரலாம். வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள எங்களுக்கு வாய் வரவில்லை. கடைக்கு வருகிறவர்களெல்லாம் இலவம்பஞ்சை விட்டு ஸ்பாஞ்ச் மெத்தை கேட்க ஆரம்பித்திருந்த காலம் அது. ஆகவே விசாவைப் பற்றிப் பேசாமலேயே வேகவேகமாகப் பதிவு செய்தோம்.

கடைசிப் பாட்டு மிச்சமிருந்தது, ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய ‘அரைத்தூக்கம்’. போன்களை அணைத்துவிட்டு ஆரம்பித்தோம். பாட்டின் நடுவே எல்லாம் அடங்கி, ஃபைரோஸின் கிட்டார் மட்டும் ஒற்றைக் கம்பியில் நடக்கிற இடம். அப்போது சமையல்கட்டில் ஓர் அண்டா மூடி விழுந்து, உருண்டு, சுழன்று, ஒரு யுகம் கழித்துப் படுத்தது. பின்வாசல் வழியாக அத்தா வந்திருந்தார். ஏஜென்ட் கடைக்கு போன் செய்திருக்கிறான். மகனின் போன் அணைந்திருந்ததால் மொபெட்டை விரட்டிக்கொண்டு வந்து, இருட்டில் மூடியைத் தட்டிவிட்டார். கூடத்து வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஃபைரோஸு, விசா வந்துருச்சுத்தா."

அவர்கள் வீட்டில் மகனையும் செல்லமாக அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ‘த்தா’ மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஃபைரோஸ் நிறுத்தவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். என் இடம் வந்ததும் நானும் பாடினேன். பாட்டு முடியும்வரை அவர் அசையாமல் நின்றார்.

"முடிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டார். "நடுவுல பேசிட்டனோ?"

மறுபடி பதிவு செய்ய நேரமில்லை. மருத்துவப் பரிசோதனை, டிக்கெட் என்று நாட்கள் ஓடிவிட்டன. அந்தப் பகுதியை வெட்டிவிடட்டுமா என்று ரங்கு கேட்டான். "இருக்கட்டும்" என்றான் ஃபைரோஸ்.

சிடி போட்டோம். இலவசமாகப் பாட்டு ஏற்றுகிற ஓர் இணையதளத்திலும் போட்டோம். உள்ளூரில் முதலில் கேட்டவர் ரங்குவின் அம்மா. "பொண்ணு நன்னாத்தான் பாடறா. பல்வலியோடயா பாடினா?" என்று கேட்டாராம். எங்கோ ஒரு குளிர்நாட்டு ரசிகர் மட்டும் மனம் உருகி எழுதியிருந்தார். கடைசிப் பாட்டில் ஒலிக்கும் பழங்கால வெண்கல மணியும், அதைத் தொடரும் துறவியின் மந்திரமும் தன்னை அழவைத்துவிட்டனவாம். மந்திரத்துக்கு அர்த்தமும் கேட்டிருந்தார். என்ன பதில் சொல்வது என்று மூன்று பேரும் யோசித்தோம், இன்னும் சொல்லவில்லை.

போன வருஷம் அத்தா தவறிவிட்டார். ஃபைரோஸ் வந்திருந்தான். எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பாட்டை ஒருதரம் கேட்கணும் என்றான். துபாயில் வீடு மாறியபோது அவன் சிடி தொலைந்துவிட்டதாம். இணையதளத்தை எப்போதோ மூடிவிட்டிருந்தார்கள். ரங்குவின் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்றதோடு சரி. அவன் வீட்டில் மிஞ்சிய சிடிக்களை அவன் அம்மா மொட்டைமாடியில் வடாம் காவலுக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்; அவை வெயிலில் வெளுத்துக் கண்ணாடியாகியிருந்தன. காக்கைகள் அவற்றில் முகம் பார்த்துவிட்டு வடாத்தைத் தின்றதாகக் கேள்வி. என் வீட்டில் உறை பத்திரமாக இருந்தது. உள்ளே என் மகனின் நர்சரிப் பாட்டு.

மண்டபத்தையாவது பார்ப்போம் என்று போனோம். அது இருந்த இடத்தில் கார் ஷோரூம். எதிர்ச் சாரியில் நின்று டீ குடித்தோம். அத்தா ‘விசா வந்துருச்சு’ என்றுதான் சொன்னார் என்று ரங்கு சாதித்தான். இல்லை, ‘த்தா’ இருந்தது என்றேன் நான். அவன் ஹெட்ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் நூறு தடவை கேட்டவன், நான் வெறுங்காதால் நேரில் கேட்டவள் என்று குரல் உயர்ந்தது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஃபைரோஸ் டம்ளரைக் கீழே வைத்தான். ஷோரூமைப் பார்த்தபடி, அவருடைய அதே இழுப்பில், அதே தயக்கத்தில் சொன்னான்.

"ஃபைரோஸு, விசா வந்துருச்சுத்தா."

சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தக் குரல் எங்கும் போய்த் திரும்பவில்லை. ஆனாலும் ரங்கு, அன்று மண்டபத்தில் போலவே, கண்ணை மூடிக்கொண்டான்.