ஏறுவது பற்றி நாற்பது கேள்விகள்

காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு ‘ஜாக்கிரதை’ என்றுதான் பெயர். பதினேழு வருடங்களாக விபத்துக் கோப்புகளோடு குடித்தனம் நடத்துகிறவர். நாற்காலியிலிருந்து விழுந்தவர், மரத்திலிருந்து விழுந்தவர், சும்மா நின்ற இடத்திலேயே விழுந்தவர் என்று ஒருத்தரையும் விடாமல் படித்து, எலும்பு வாரியாகப் பிரித்து வைத்தவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் கண்ணுக்கு உயரமானதெல்லாம் எலும்பு முறிவு.

ஆகவே அவருடைய நாலு வயது மகள் தரையிலேயே வளர்ந்தாள். அவள் சோபாவில் ஏறினால் வீட்டில் கூப்பாடு. கட்டிலின் கால்களை அறுத்தாயிற்று. மாடிப்படி என்றால் தூக்கிக்கொண்டுதான் போவார். பூங்காவில் மற்ற பிள்ளைகள் தலைகீழாகத் தொங்கும்போது, பாப்பா அப்பா மடியில் உட்கார்ந்து படம் போட்ட அட்டையைப் பார்த்து “குரங்கு” என்று சொல்வாள்.

“ஏங்க, கொஞ்சம் ஓடி ஆடட்டுமே,” என்பாள் மனைவி.

“மூளை வளரணும்னா உக்காந்து படிக்கணும்,” என்பார், ஊரில் பாதிப் பேருக்கு மூளையைத் தன் கையாலேயே செய்து கொடுத்தவர் மாதிரி.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டது ஒரு மழலையர் பள்ளி. ஊரிலேயே நல்ல பள்ளி. ஒரே ஓர் இடம்தான் பாக்கி. ‘குழந்தை ஏறி விளையாடுவதைப் பார்த்துத்தான் சேர்ப்போம். கையும் காலும் ஓடினால்தான் மூளையும் ஓடும்’ என்று அங்கிருந்து கடிதம் வந்தது. இரண்டு நாள் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாம் நாள் தெளிந்தார். வேறு யாராவது என்றால் பிள்ளையைப் பூங்காவில் இறக்கி விட்டிருப்பார்கள். இவர் ஏறுவதைப் பற்றி நாற்பது கேள்விகள் தயாரித்து, பதிலை மனப்பாடம் செய்ய வைத்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்?

அந்த நாளும் வந்தது. பள்ளி முற்றத்தில் கயிறும் கட்டையுமாக, ஆளைவிடக் கொஞ்சம் உயரமான ஏணிச் சட்டம், கீழே மணல். ஆசிரியை குனிந்து, “ஏறுறியா தங்கம்?” என்றாள்.

பாப்பா கையைக் கட்டிக்கொண்டாள். “ஏறும்போது கையும் காலும் சேர்ந்து வேலை செய்யும். அடுத்த காலை எங்க வைக்கிறதுன்னு மூளை யோசிக்கும். விழாம நிக்க உடம்பு பழகும்,” என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“ரொம்ப அழகா சொன்னே. இப்ப ஏறு.”

“அது எனக்குச் சொல்லித் தரலையே மிஸ்.”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆசிரியை அவரைப் பார்த்தாள். “அப்ப நீங்க ஏறிக் காட்டுங்க சார். பாத்தா அவளும் வருவா.”

இடம் கைநழுவிப் போய்விடுமே! ஏறினார். மூன்று கட்டை வரை மானம் தாங்கியது. உச்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். அவ்வளவுதான், பல்லி மாதிரி சட்டத்தோடு ஒட்டிக்கொண்டார். அடுத்த காலை எங்கே வைப்பது என்று அவருடைய மூளையில் ஒன்றும் ஓடவில்லை.

“இறங்குப்பா,” என்றாள் பாப்பா.

“முடியலம்மா.”

பாப்பா அண்ணாந்து பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முதல் கட்டையில் கால் வைத்தாள். ‘வேண்டாம்’ என்று கத்த வாயைத் திறந்தார். பயத்தில் காற்றுத்தான் வந்தது. நடுவில் அவளுக்குக் கால் வழுக்கியது. கயிற்றை இறுக்கிப் பிடித்து, காலால் துழாவி, வேறு கட்டையைக் கண்டுபிடித்தாள். மேலே வந்து, மூச்சு வாங்க, அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாதப்பா, நான் வந்துட்டேன்.”

கீழே ஆசிரியை பட்டியலில் அந்த ஓர் இடத்துக்கு நேராகப் பாப்பாவின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை. பாப்பா கழுத்தை நீட்டி மதிலுக்கு வெளியே பார்த்தாள்.

“அப்பா, தெரு முழுசும் தெரியுது! ஏறினா இதெல்லாம் தெரியும்னு நீ ஏன் சொல்லவே இல்ல?”

வெட்கத்தில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எனக்கே தெரியாதும்மா,” என்றார்.