லேண்ட்மாஸ்டரில் குடியிருந்த பல்லி

குமணன்சாவடி வேம்புலிக்கு ஆடி மாதம் என்றாலே ஆகாது. ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் அவனுடைய காருக்கும் சோறு கிடையாது. பழைய லேண்ட்மாஸ்டர் அது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடம் வாங்கினான். கூலிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் சொந்த வண்டிக்காரன் ஆனதும், அதைத் துடைத்த துடைப்பில் பெயிண்ட் மிஞ்சியதே பெரிய விஷயம். வெளியே துடைத்து என்ன பிரயோஜனம்? அறுபத்தொன்பதாம் வருஷ ஆடியில் வண்டி முக்கால்வாசி நாள் புளியமரத்தடியில் சும்மா நின்றதில், உள்ளே ஒரு ஊரே குடியேறிவிட்டது.

ஸ்டீயரிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிலந்தி வலை. சீட்டுக்கு அடியில் கரப்பான். எறும்புக்குக் கேட்கவே வேண்டாம். முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பொரியும் வெல்லமும் வைத்து, அவற்றை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததே இந்த மகாராஜன்தான்.

"உன் வெல்லத்துக்குத்தாண்ணா எல்லாம் வந்துகினு கீது" என்று தங்கை சாமுண்டீஸ்வரி சொல்லிப் பார்த்தாள்.

"சாமிக்கு வெக்கறதுல கண்ணு வெக்காதே, போ" என்று அவள் வாயை அடைத்துவிட்டான்.

அப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். வேப்பிலைப் புகை போட்டான். சீட்டெல்லாம் புகை நாற்றம், சிலந்திகள் மட்டும் சௌக்கியம். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தான். "இது இன்னாப்பா, காரா, ஸ்டவ்வா?" என்று ஸ்டாண்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டி.டி.டி. பவுடரைத் தூவினான். மறுநாள் ஏறிய பெரியவர் பூந்தமல்லி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தும்மித் தீர்த்து, காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனவர் தும்மலுக்கும் சேர்த்து வாங்கினார்.

மற்ற வருஷமாக இருந்தால் வேம்புலி இவ்வளவு அல்லாடியிருக்க மாட்டான். சாமுண்டீஸ்வரிக்கு இப்போதுதான் ஒரு வரன் திகைந்திருந்தது. அப்பா அம்மா இல்லாத பெண். அம்பத்தூரில் ஒரு போல்ட் கம்பெனியில் வேலை. கூடப் படித்தவர்கள் எல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள், இவளுக்கு மட்டும் ஏதாவது ஒன்று தட்டிக்கொண்டே போயிற்று. இந்தக் கொரட்டூர்ச் சம்பந்தமும் போனால் இனி யாரும் வாசல் மிதிக்க மாட்டார்கள் என்று அவனுக்கு உள்ளூர பயம். ஆவணி பிறந்ததும் பையனின் அம்மா ஞானம்மாள் பூ வைக்க வருவதாகப் பேச்சு. "எங்க வண்டியே வரும் அத்தே" என்று இவன் வாய் கொடுத்துவிட்டான். குப்பை வண்டியில் ஏற்றினான் என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது.

அந்த நேரம் பார்த்துத்தான் புளியமரத்திலிருந்து ஒரு பல்லி வண்டிக்குள் இறங்கியது. கூரைத் துணியில் ஒரு கிழிசல். அதுதான் அதற்கு வீடு. நாலைந்து நாளில் சிலந்தியைக் காணோம், கரப்பான் குஞ்சைக் காணோம். வேம்புலிக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, சம்பளம் இல்லாத க்ளீனர்!"

"தொரத்திடுண்ணா. பொம்பளைங்க ஏறுற வண்டி."

"பல்லிய அடிச்சா பாவம்டி. அது பாட்டுக்குக் கீது, உனக்கு இன்னா?"

அடிக்க வேண்டாம், துரத்தத்தான் சொல்கிறாள் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை. பூ வைக்கிற அன்று காலை கூரைத் துணியை இரண்டு தட்டுத் தட்டினான். சத்தமில்லை. போய்விட்டது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு கொரட்டூருக்கு வண்டியை விட்டான்.

ஞானம்மாள் தட்டும் பூவுமாகப் பின்சீட்டில் ஏறினாள். ஆவடியில் அவளுடைய அண்ணன் பக்தவத்சலமும் அவர் மனைவி பஞ்சவர்ணமும் ஏறிக்கொண்டார்கள். பக்தவத்சலம் முன்சீட்டு. அவருக்குச் சகுனம்தான் எல்லாம். பூனை குறுக்கே போனால் வேலைக்கே லீவு போடுகிற மனிதர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பருத்திப்பட்டு ஏரி ஓரம் போகும்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பஞ்சவர்ணம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தென்று ஏதோ ஞானம்மாளின் உச்சந்தலையில் விழுந்தது. "ஐயோ!" என்று அவள் தட்டிவிட, அது சீட்டுக்கு அடியில் ஓடி மறைந்தது. வேம்புலி உள்கண்ணாடியில் பார்த்துவிட்டான். வாலோடு, முழுசாக.

பல்லி தலையில் விழுந்தால் சாவு. ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"நிறுத்துப்பா வண்டிய!" பக்தவத்சலம் திரும்பினார். "இன்னாம்மா உழுந்துச்சி? பல்லியா?"

வேம்புலி வண்டியை ஓரம் கட்டினான். வீட்டில் தலை பின்னிக்கொண்டு தங்கை உட்கார்ந்திருப்பாள். "பல்லி இன்னாத்துக்கு மாமா வருது? எட்டுக்கால் பூச்சி! மேல உழுந்தா புதுப் பொடவ வரும்னுவாங்களே, அத்தைக்கு யோகம்தான்" என்று படபடவென்று அடித்துவிட்டான். இத்தனை நாள் எந்தச் சிலந்தியை ஒழிக்க அலைந்தானோ, அந்தச் சிலந்தியின் காலிலேயே விழ வேண்டியதாயிற்று.

"நீ சும்மா இரு. ஞானம், நீ சொல்லு. ஜில்லுனு இருந்துச்சா?"

ஞானம்மாள் தலையைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடியில் வேம்புலியின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"பூச்சிதாண்ணா. குறுகுறுன்னு ஓடிச்சி. வண்டிய உடச் சொல்லு, நல்ல நேரம் போவுது."

அப்பாடா என்றிருந்தது வேம்புலிக்கு. சாமுண்டீஸ்வரிக்குப் பூ வைத்தார்கள், தேதி குறித்தார்கள், வடை பாயசத்தோடு சாப்பாடும் ஆயிற்று. திரும்பும்போது அண்ணனும் அண்ணியும் ஆவடியில் இறங்கிக்கொண்டார்கள். வண்டியில் ஞானம்மாள் மட்டும்தான். அம்பத்தூர் தாண்டியதும் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பல்லி இன்னும் உள்ளதான் கீதா, நைனா?"

வேம்புலி பிரேக்கில் ஏறி மிதித்தான். "அத்தே... தெரியுமா?"

"ஜில்லுனு உழுந்துச்சே. வாலு காதுல பட்டுச்சி. எனக்கா தெரியாது?"

"அப்ப ஏன் அத்தே..."

"என் பெரிய பொண்ணு சொர்ணம் கீறாளே, அவளுக்குப் பூ வெக்க வந்தவங்க, படியேறச்சே பல்லி கத்திச்சின்னு தட்டோட திரும்பிப் போனாங்க. அப்பறம் ஒருத்தரும் வரல. தெனம் அவ மொகத்தப் பாத்துகினு கீறேன். உன் தங்கச்சியும் அப்படிக் குந்திகினு இருக்கணுமா?"

"தலையில உழுந்தா..." என்று இழுத்தான்.

"இன்னாவானாலும் எனக்குத்தானே ஆவும்? புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவாதில்ல. நீ வண்டிய எடு."

இப்படிப்பட்ட மனுஷியிடமா பொய் சொன்னோம் என்று வேம்புலிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு ரோடு மங்கலாகத் தெரிந்தது. காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லி இருக்கிறது. அதைத் தொட்டால் பல்லி விழுந்த தோஷம் எல்லாம் போய்விடும் என்பார்கள்.

"அத்தே, இப்பவே காஞ்சிபுரம் போறோம். சாயந்தரம் நட தெறக்கறப்ப அங்க இருக்கலாம்."

"உனக்கு இன்னா பைத்தியமா? ஊட்ல சொர்ணம் தனியா காத்துகினு இருப்பா."

"கொரட்டூர் வந்துடுச்சி அத்தே. அக்காவையும் ஏத்திகினே போவலாம்."

பல்லி விழுந்தபோது கலங்காத ஞானம்மாள், முந்தானையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். தெருமுனை திரும்பும்போது மெல்லச் சொன்னாள்.

"அவ கார்ல ஏறினதே இல்ல நைனா."