சிவப்பு வெள்ளை ஒயர்

கவரைப்பேட்டையில் துளசிராமன் வீட்டுக் கூடத்தில் மனிதர்களைவிட ஸ்பீக்கர்களுக்குத்தான் நல்ல இடம். இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர், நடுவில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இருபத்தாறு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஒன்றுதான்.

இரண்டு வருடமாக அந்தப் பாட்டு மழுங்கிப்போயிருந்தது. தவில் கேட்டது, ஜால்ரா கேட்கவில்லை. பாடுகிறவர்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. முதலில் ஸ்பீக்கருக்குள் இருக்கும் சின்னக் கூம்பை மாற்றினார். பிறகு ஒயரை மாற்றினார். அதற்குப் பிறகு, வீட்டில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுவதாகக் கோபித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

போன மாதம் டிவி மாறியது. புது டிவியின் முதுகில் பழைய ஒயரைச் செருக இடமே இல்லை. ஸ்டேஷன் பக்கத்தில் ஆடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹனீப் ஒரு ஞாயிறு காலை இரண்டு விதமான ஒயரோடும் ஒரு சின்ன டப்பாவோடும் வந்தார்.

"ரெண்டு வழி கீதுண்ணா. இயர்போன் ஓட்டையிலேர்ந்து சிவப்பு வெள்ளைய இழுத்து ஆம்ப்ளிஃபயர்ல சொருவறது ஒண்ணு. அது அனலாக். இது டிஜிட்டல். சத்தம் வெளிச்சமா போவும். இந்த டப்பா அத திருப்பிப் பாட்டாக்கிக் குடுக்கும்."

"டப்பாவுக்கு கரண்ட் வோணுமா?"

"வோணும்."

"போச்சு, இன்னொரு பிளக்கா" என்றாள் ஜோதிலட்சுமி, தேநீரோடு வந்தவள். "இந்தக் கூடத்துல நான் எங்க காலு வெக்கிறது?"

முதலில் சிவப்பு வெள்ளை. பாட்டுக்கு அடியில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடியது. வீட்டில் எர்த் சரியில்லை என்றார் ஹனீப். பிறகு டிஜிட்டல் ஒயரைச் செருகினார். இரைச்சல் போயே போய்விட்டது.

"அடேங்கப்பா" என்றாள் ஜோதிலட்சுமி. "பாடறவ மூச்சு உடறதுகூட கேக்குது பாய்."

துளசிராமன் தலையை ஆட்டினார். "அதே மழுங்கல்தான். ஜால்ரா எங்க? ஒயரு டூப்ளிகேட்டா கீது."

"டிஜிட்டல்ல அந்த மாதிரி கோளாறே வராதுண்ணா. வந்தா முழுசா வரும். கெட்டா உட்டு உட்டு வரும், இல்ல நின்னுபூடும். மேல்சத்தத்த மட்டும் தின்னாது." ஹனீப் செல்போனைத் தேய்த்தார். "இருங்க, மேல்சத்தத்த செக் பண்ற சத்தம் ஒண்ணு கீது. டிவிக்கு அனுப்பறேன்."

ஜோதிலட்சுமி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நிறுத்து பாய், பல்லு கூசுது."

துளசிராமன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஹனீப்பைப் பார்த்தார். "இன்னும் போடலியா பாய்?"

ஹனீப் சத்தத்தை நிறுத்தினார். ஜோதிலட்சுமி காதிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்த துளசிராமனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அந்த சிவப்பு வெள்ளையே இருக்கட்டும்" என்றார்.

"இரைச்சல் வருமேண்ணா."

"வரட்டும். அது எனுக்குக் கேக்குது."

ஹனீப் சிவப்பு வெள்ளையைத் திரும்பச் செருகிவிட்டு, டிஜிட்டல் ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டு ஜோதிலட்சுமி அவர் எதிரில் உட்கார்ந்தாள். "பீட்டர் ஊதற விசில் உங்களுக்குக் கேக்குதா?"

பீட்டர் கிரேனுக்குக் கீழே கொக்கி மாட்டுகிறவன். கையை அசைத்துச் சைகை காட்டுவான். சூட்டுக் கம்பியின்மேல் தண்ணீர் விழுந்து ஆவி கிளம்பி அவனை மறைக்கும்போது மட்டும் விசில். நீளமாக ஒரு தடவை ஊதினால் நிறுத்து என்று பொருள். பதினொரு வருடமாக ஒரே ஷிப்ட். துளசிராமனை 'நைனா' என்றுதான் கூப்பிடுவான்.

"அவன் கைய பாத்துதான் ஓட்டறேன்."

"மறைச்சா?"

"மறைச்சா நிறுத்திப்பேன்."

"வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுக்கறாங்களே, அதுல தெரியலியா?"

அவர் சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஹெட்போனை மாட்டி உட்கார வைப்பார்கள், சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். கூண்டுக் கண்ணாடியில் நர்சம்மாவின் தோள் தெரியும். தோள் அசைந்தால் ஹெட்போனில் சத்தம் விடுகிறாள் என்று அர்த்தம். உருட்டுப் பகுதியில் பாதிப் பேர் அப்படித்தான் பாஸ் ஆகிறார்கள். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுத்ததுதான்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா கிரேன்லேர்ந்து எறக்கிடுவான். அம்பத்திமூணு வயசுல கீழ நின்னு துரு கூட்டச் சொல்றியா? நேத்து வந்த பசங்க எதிர்ல?"

"கூட்டுனா இன்னா?"

அவர் எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினார்.

அதற்குப் பதினெட்டாம் நாள், பகல் ஷிப்ட். கம்பிக்கட்டு ஒன்றை இறக்கும்போது ஆவி கிளம்பியது. நிறுத்திக்கொள்வேன் என்று சொன்னவர் நிறுத்தவில்லை. தினமும் இறக்குகிற இடம், கைப்பழக்கம். ஆவி விலகியபோது கீழே ஆட்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். பீட்டரின் இடது கால் முட்டிக்குக் கீழே கட்டுக்கு அடியில் இருந்தது. வாயில் விசில் இருந்தது.

பட்டணத்து அரசு ஆஸ்பத்திரியில் அந்தக் காலை எடுத்தார்கள். நான்காம் நாள் ஆலையில் விசாரணை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் மிஷின் சத்தத்தில் எதுவும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார்.

"விசில் ஊதினதா பீட்டர் சொல்றாரு. நீங்க கேட்டீங்களா?"

துளசிராமன் அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்கல சார்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"கேக்கல சார்."

அது பொய்யில்லை. அதிகாரி அவருடைய பழைய காது டெஸ்ட் காகிதங்களைப் புரட்டினார். வருடாவருடம் குறை இல்லை என்று இருந்தது. 'கீழே இருந்தவர் எச்சரிக்கை விசில் ஊதவில்லை' என்று எழுதி, காகிதத்தைத் திருப்பி நீட்டினார். துளசிராமன் அந்த வரியை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் டிவியைப் போட்டார். ஜோதிலட்சுமி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக அடுக்கு கேரியரில் கஞ்சியும் ரசமும் ஊற்றி மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னீங்க?"

"உண்மையத்தான் சொன்னேன். கேக்கலன்னு."

"ஏன் கேக்கலன்னு சொன்னீங்களா?"

அவர் டிவிக்குப் பின்னால் குனிந்து, சிவப்பு முனையைத் திருகினார், பிறகு வெள்ளை முனையை. இரைச்சல் ஏறி இறங்கியது.

"ஹெலன் போன் பண்ணா" என்றாள் அவள். ஹெலன், பீட்டரின் மனைவி. "ஊதாதவன் தப்புதான்னு எழுதிட்டாங்களாம். அவன் பேசவே மாட்டேங்கறானாம். விசில கழுத்துலேர்ந்து கழட்டவும் உட மாட்டேங்கறானாம்."

"இந்த ஒயருதான்" என்றார் அவர், நிமிராமல். "இதுலதான் எங்கியோ லூசா கீது."

ஜோதிலட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டாள். கேரியரை எடுத்துக்கொண்டு வாசல்படியில் நின்று அந்த முதுகைப் பார்த்தாள்.

"நான் ஹெலன்கிட்ட சொல்லிடப் போறேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அந்தச் சத்தத்த ஹனீப் போட்டது, உங்களுக்குக் கேக்காதது, கண்ணாடில பாத்து பட்டன் அமுக்கினது. எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் வருவேன். வாணாம்னா இப்ப சொல்லுங்க."

அவர் முனையைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து வரும் ரயிலைப் பிடிக்கப் போனாள்.

துளசிராமன் இரண்டு முனையையும் அழுத்திச் செருகிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஜோதி, இப்ப பாரு" என்றார். "சத்தம் எப்பிடி கீது?"

கதவு திறந்து கிடந்தது.