ஐந்து குடம் கடல் தண்ணீர்

போன வாரம் என் மகன் தன் பழைய மரப்படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தான். மரத்தின் மேல் வெள்ளைப் பாய் போல ஒன்றைப் பரப்பி, டப்பாவில் கலக்கிய பசையைப் பிரஷ்ஷால் தடவுகிறார்கள். மூக்கைப் பிடுங்குகிற வாடை. அடுத்த நாள் வால் பக்கம் ஒட்ட வேண்டும். நான் கிட்டே போய் அந்த இடத்து மரத்தில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். மகனோடு வேலை செய்த பையன் சிரித்துவிட்டு, "அண்ணே, பாத்து ஒட்டு. உங்க அத்தை போட்ட ஒட்டு மாதிரி உரிஞ்சிக்கினு வரப் போவுது" என்றான். அத்தை செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இவன் அவளைப் பார்த்ததுகூட இல்லை. அந்தக் கேலி மட்டும் எங்கள் கரையில் இன்னும் சாகவில்லை.

அவன் சொன்ன அத்தை என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மரக்காணத்துக்குப் பக்கத்தில் இந்தக் குப்பத்துக்கு வாழ வந்தபோது அவள் புருஷன் செத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நாங்களும் கடற்கரைச் சனம்தான். ஆனால் என் அப்பா திண்டிவனத்தில் கருவாடு விற்றவர். நான் அங்கேயே வளர்ந்து அஞ்சாவது வரைக்கும் படித்தேன். படகைத் தொட்டுப் பார்த்தது இங்கே வந்த பிறகுதான். யாராவது பேசினால் தலையைக் குனிந்துகொள்வேன். நான் ஊமையோ என்று குப்பத்தில் சிலர் நினைத்ததும் உண்டு.

புருஷன் விட்டுப்போன பலகைப் படகு ஒன்றுதான் அண்ணிக்குச் சொத்து. நாலு ஆட்கள் அதைக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். பிடிக்கிற மீனில் படகுக்கென்று ஒரு பங்கு அவளுக்கு வரும். ஒரு வருஷமாகக் கவனிப்பார் இல்லாமல் படகு வெடித்துக் கிடந்தது. "விறகுக்குப் போட்டுட்டு நம்ம ஊட்டோட வந்து இரு, அக்கா" என்றார் என் வீட்டுக்காரர். "உன் ஊட்டுல ஒக்காந்து உன் பொண்டாட்டி கையால சோறு வாங்கித் தின்னவா? நானே பூசிக்கிறேன், போடா" என்றாள் அவள். அந்த நாலு பேரும் சித்திரை முடிகிற வரைக்கும்தான் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் படகு இறங்காவிட்டால் வேறு படகுக்குப் போய்விடுவார்கள்.

திண்டிவனத்திலிருந்து ஆசாரி ஒருவர் வந்து இரண்டு பலகையை மாற்றிக் கொடுத்தார். மீதி எல்லாம் அண்ணிதான். பொடித்த குங்கிலியத்தைப் புன்னை எண்ணெயில் போட்டுக் காய்ச்சினாள். பலகை இடுக்கில் பஞ்சை அடைத்து, அந்தப் பசையில் நனைத்த துணியை மேலே ஒட்ட வேண்டும். துணிக்குத் தன் கலர் புடவைகளையே எடுத்துவந்து கிழித்தாள். பச்சை ஒன்று, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, கல்யாணத்துக்குக் கட்டிய சிவப்பு ஒன்று. "இனிமே இதை நான் கட்ட முடியாது. படகாவது கட்டிக்கினு போவட்டும்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூசுவதற்கு முன்னால் மரத்தில் ஊறின உப்பு போக வேண்டும். உப்பு இருந்தால் மரம் உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது, பசை பிடிக்காது. அதனால் மூன்று நாள் காலையும் மாலையும் கிணற்று நல்ல தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த வேலையை அண்ணி என்னிடம் கொடுத்தாள். கிணறு மேட்டில் இருந்தது. மூன்றாம் நாள் மாலை ஆம்பளைகள் ஏழெட்டுப் பேர் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தர், "இன்னா பொண்ணே, தெனம் தெனம் படகைக் குளிப்பாட்டிக்கினு கீறியே. அதுக்கு எப்ப கல்யாணம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் நான் குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டேன். அந்தக் குடத்தோடு இறங்கி வந்தவள் மறுபடி மேட்டுக்குப் போகவில்லை. வால் பக்கம் மட்டும்தான் பாக்கி. கடல் இருபது அடியில் இருந்தது. ஐந்து குடம் மொண்டு ஊற்றினேன். ஈரம் ஈரம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். மரம் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு அண்ணி பூசினாள். வால் பக்கத்துக்குச் சிவப்புப் புடவையை ஒட்டினாள்.

சித்திரை முடியும் முன்னே படகு இறங்கியது. மூன்றாவது தடவை போனபோது வால் பக்கத்துத் துணி உரிந்துகொண்டது. நாலு பேரும் தண்ணீரை இறைத்துக்கொண்டே வெறும் கையோடு கரைக்கு வந்தார்கள். சிவப்புத் துணி நாக்கு மாதிரி தொங்கியது. "தாலி அறுத்தவ கை பட்டா வேற இன்னா ஆவும்?" என்றார் ஒருத்தர். அண்ணி துணி இன்னும் ஒட்டியிருந்த ஓரத்தைப் பெயர்த்து, அதற்கு அடியில் தண்ணீர் படாத மரத்தை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். பிறகு படகின் முன் பக்கத்திலும் பூச்சுக்கு அடியில் கொஞ்சம் சுரண்டி வைத்துப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மணலைப் பார்த்தேன்.

"நான்தான் பேஜாரு பண்ணிட்டேன். காயறதுக்குள்ள ஜல்தியா பூசிட்டேன். நாலு நாள் குடுங்க" என்றாள் அவர்களிடம். இரண்டு பேர் சரி என்றார்கள். இரண்டு பேர் அன்றைக்கே வேறு படகுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் ஒரு குடத்தை என் இடுப்பில் வைத்தாள், ஒன்றைத் தானும் எடுத்துக்கொண்டாள். கிணற்றடியில் அந்த ஆம்பளைகளுக்கு நடுவிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். ஒருத்தர் வாயைத் திறக்கும் முன்பே, "தள்ளி ஒக்காருய்யா, படகுக்கு நலுங்கு வெக்கணும்" என்றாள். அந்த நாலு நாளும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். பக்கத்துக் குப்பத்திலிருந்து இரண்டு பேர் சேர்ந்தார்கள். அந்தப் படகு அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஓடியது. கடைசி வரைக்கும் அவள் தன் சோற்றைத்தான் தின்றாள். ஆனால் எட்டு வருஷம் ஓடியதை யாரும் பேசவில்லை. அந்த ஒரு நாள் உரிந்ததைத்தான் பேசினார்கள். அவள் காதுபடவே பேசினார்கள். அவளும் சிரித்துக்கொண்டு போவாள். பக்கத்தில் நானும் போவேன்.

போன வாரம் அந்தப் பையன் அதையே சொன்னபோது கரையில் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். நான் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். பிறகு, "அத்தை போட்ட ஒட்டு நல்லாத்தான்டா இருந்துச்சு. கழுவினது நானு. கெணத்துக்குப் போவ வெக்கப்பட்டுக்கினு அஞ்சு கொடம் கடல் தண்ணி ஊத்திட்டேன்" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பையன், "இன்னா ஆயா சொல்ற?" என்றான். மகன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டான். "இத்தினி வருசமா ஏம்மா சொல்லல?" என்று கேட்டான்.

நாக்கில் இன்னும் உப்பு இருந்தது. இன்னொரு தரம் கழுவச் சொன்னேன். இப்போது கரை வரைக்கும் குழாய்த் தண்ணீர் வருகிறது, யாரும் மேடு ஏற வேண்டியதில்லை. மகன் குழாயைத் திருப்பப் போனான். நான் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டேன். வால் பக்கத்துக்கு ஐந்து குடம் நல்ல தண்ணீர் நானே ஊற்றினேன்.