வீட்டில் இல்லை என்னும் மரியாதை

புதுத் தகரத்தில் பூசிய பச்சைப் பெயின்ட் வெயிலில் காயும் வாடை வந்தால் இப்போதும் நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். முப்பதுகளில் நாங்கள் குடியிருந்த பெங்களூர் கன்டோன்மென்ட்டில், துரைமார் பங்களா வாசல்களில் 'நாட் அட் ஹோம்', அதாவது வீட்டில் இல்லை, என்று எழுதிய சிறு பெட்டி தொங்கும். பார்க்க வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போவார்கள், உள்ளே ஆள் இருப்பது தெரிந்தாலும் ஒருவரும் தப்பாக நினைப்பதில்லை. கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு இது ஒரேயடியாகப் பிடித்துப்போய், எங்கள் ஓட்டு வீட்டு வாசலிலும் தகரத்தில் ஒன்று செய்து, பச்சைப் பெயின்ட் பூசி மாட்டிவிட்டார். "இது பொய் இல்ல, மரியாதை" என்பார். எங்களைத் தேடி வருகிறவர்களில் பெயர்ச்சீட்டு வைத்திருந்தவர் ஒருவருமில்லை என்பது அவருக்கு உறைக்கவேயில்லை. ஆகவே வந்தவர்களிடம் 'இல்லை' என்று சொல்லும் பெட்டியின் வேலையை ஒன்பது வயதுப் பெண்ணான நான் பார்த்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பாவின் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் மனைவியோடு டீ சாப்பிட வந்திருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, ஒக்கலிபுரத்துச் சித்தி, வெறுங்காலும் கசங்கிய புடவையுமாக நடந்தே வந்து வாசலில் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. "இல்லைன்னு சொல்லிடு" என்றார் அப்பா, என் காதோடு. அம்மா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

நான் போய்ச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து விருந்தாளி ஏதோ சொல்ல, உள்ளே அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு சித்திக்கும் கேட்டது. என் முகத்தைப் பார்த்தவள், கன்னத்தைத் தொட்டு, "ஒண்ணும் ஜல்தி இல்ல பாப்பா. வந்தேன்னு மட்டும் சொல்லு" என்று திரும்பிப் போய்விட்டாள்.

அவள் வந்தது, தொண்டை அடைப்பான் கண்டிருந்த தன் இரண்டு வயது மகனுக்கு ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு. அங்கே பெரிய டாக்டரை அப்பாவுக்குத் தெரியும். ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டான். துக்க வீட்டில், "உங்க அக்கா வீட்டுக்காரரைக் கேட்டிருக்கலாமே" என்று யாரோ ஆரம்பிக்க, சித்தி எங்கள் முன்னாலேயே, "போனேனே, அவங்க வீட்ல இல்ல" என்றாள். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார்! அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை; வாயைத் திறக்காத என்னையும்தான்.

முன்பெல்லாம் அடுப்படியில் அம்மாவோடு உட்கார்ந்து உரிமையாகச் சண்டை பிடிக்கிற சித்தி, அதற்குப் பிறகு நாங்கள் போனால் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ஒரு வார்த்தை திட்டமாட்டாளா என்று ஏங்கியே அம்மா கண்ணை மூடினாள். எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் நானே போய், "சித்தி, அன்னிக்கு அம்மா, அப்பா ரெண்டு பேரும் உள்ளதான் இருந்தாங்க" என்று சொல்லி அழுதேன். சித்தி என் தட்டில் இன்னொரு முறுக்கை வைத்தாள்.

"அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லியேம்மா" என்றாள்.

இன்று அந்தத் தெருவில் ஓட்டு வீடுகள் இல்லை. துரைமாரும் போய்விட்டார்கள், அவர்களைப் பார்த்து நாங்கள் பழகிய நாகரிகமும் போய்விட்டது. சித்தியும் இல்லை. என்னைத் திட்ட உரிமை இருந்தவள் அவள் ஒருத்திதான். கடைசிவரை விருந்தாளியாகவே உபசரித்து அனுப்பிவிட்டாள்.