பத்மாதேவியின் நாலாவது சுரம்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, கண்டி வாவியோரத்து ஹோட்டலில் பியானோ வாசித்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். ஒரு வருடமாகக் காலியாகக் கிடந்த அவருடைய பியானோக் கதிரையின் மேல் பத்மாதேவி அக்காவுக்கு ஒரு கண். அவர் தபாற் கந்தோரில் முத்திரை விற்பவர். யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்தில் பியானோவும், வீட்டில் பாட்டும் படித்தவர். அவர்கள் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன்.

ஹோட்டலில் கேட்டுப் பார்த்து, ஒத்திகைக்கு வரச் சொன்னார்கள். முதல் ஒத்திகையில், அக்கா தனியாக வாசிக்கும் முறை வந்தது. அங்கே வாசிக்கும் ஜாஸ் குழுவின் தலைவர் மக்கீன் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, விரல் சுத்தம். ஆனா சுவரைப் பிடிச்சிட்டு நடக்கிறீங்க. பக்கத்துக் கட்டைக்கே போறீங்க. நாலு நாலாத் தாண்டுங்க. சனிக்கிழமை பாப்பம். சரிவராட்டி கொழும்பிலருந்து ஆள் எடுக்கணும்."

அந்த வாரம் முழுக்க ஊரடங்கு. அக்காவுக்கு அது வசதியாகப் போயிற்று; வீட்டிலிருந்த பழைய பியானோவை விட்டு எழவில்லை. ச-விலிருந்து நாலாவது சுரம் ம. அந்த ம-வையே புதிய ச-வாக வைத்துக்கொண்டால் அங்கிருந்து இன்னொரு ம. அப்படியே ஏறிக்கொண்டு போக வேண்டும். இரண்டு தாவல் ஒழுங்காக வரும். மூன்றாவதில் விரல்கள் பயந்து பழைய ச-வுக்கே ஓடி வந்துவிடும்.

காரணம் பக்கத்திலேயே இருந்தது. வேலைக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்த கணவர் அம்பிகைபாகன், உதவி என்று நினைத்து, விடாமல் சுருதிப் பெட்டியை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, அதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

"சுருதி இல்லாம எப்பிடியப்பா? வழி தவறிப் போவீர்."

"தவறத்தான் வேணும்."

பெட்டி அடங்கியது. அக்காவின் கை மூன்றாவது தாவலைத் தாண்டியது, நாலாவதையும். பிறகு அந்த அடுக்கு முழுவதையும் அரைச் சுரம் பக்கவாட்டில் வழுக்கவிட்டு, மெல்ல இறங்கி வந்தார். மறுபடியும் போனார்.

"இப்ப ச எங்க?" என்றார் அம்பிகைபாகன், கவலையோடு.

"தெரியேல்ல," என்று அக்கா சிரித்தார். வாசிப்பு நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். மாலையில் ஹோட்டலில் மூன்று மேசைக்குத்தான் ஆட்கள்; அதிலொன்றில் அம்பிகைபாகனும் நானும். மக்கீன் பேஸ் கிட்டாரில் ஒரே கீழ்ச்சுரத்தைப் பிடித்து நின்றார். அக்கா நாலு நாலாகத் தாண்டி அந்தச் சுரத்தை விட்டு வெளியே போனார். டிரம்காரர் நிமிர்ந்து பார்த்தார். எட்டாவது சுற்றில் அக்காவும் மக்கீனும் ஒரே சுரத்தில் வந்து சேர, டிரம்காரர் குச்சியைத் தூக்கி எறிந்து பிடித்தார்.

"அடுத்த கிழமையும் ஆறு மணிக்கு, அக்கா," என்றார் மக்கீன். "கொழும்புக்காரனுக்கு வரவேணாம் எண்டு சொல்லிடுறன்."

"ஆறுக்கு ஏலாது தம்பி. புட்டவிச்சுப்போட்டு ஏழுக்கு வாறன்."

"ஆறுக்கே வருவா," என்றார் அம்பிகைபாகன். "புட்டு நான் அவிக்கிறன்."