ஜெனரேட்டர்காரர் சொன்ன பெயர்

எங்கள் கோவை அலுவலகத்தில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர் அவர். நரைத்த மீசை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல இயந்திரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

முன்பு வால்பாறையில் தேயிலை ஃபேக்டரியில் இருந்தவர். அங்கே கொழுந்து பறிக்கும் என் அம்மாவைத் தெரியும். நான் ஊருக்குப் போய்வந்த திங்கட்கிழமைகளில், ஜெனரேட்டர் அறை வாசலில் நின்று, “அம்மா சௌக்கியமுங்களா?” என்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அம்மாவின் வேலையை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அது அவருக்குத் தெரியாது.

மில்களுக்கு விற்ற எங்கள் சர்வர் மென்பொருளின் புதிய பதிப்புக்கு ஒருநாள் பெயர் தேடினோம். பலகை முழுக்க நட்சத்திரங்களின், மலைகளின் பெயர்கள். பேட்டரி பார்க்க அங்கே வந்த அவரை மேனேஜர் சீண்டினார்.

“ஏனுங்க, நீங்களும் ஒரு பேர் சொல்லுங்க.”

“அது என்னங்க வேலை செய்யும்?”

“இருவது கம்ப்யூட்டர் ஒண்ணாக் கேட்டாலும் சலிக்காம எடுத்துக் குடுக்குமுங்க” என்றேன் நான்.

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப நம்ம அம்மணியோட அம்மா பேரையே வெச்சுப்போடுங்க. எஸ்டேட் லைன் வீட்டுல பத்துப் பேருக்கு ஆக்கி வெச்சுட்டு, மழையிலயும் கொழுந்து பறிக்கப் போவாங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆள் மாத்திச் சொல்றீங்க. எங்கம்மா டீச்சருங்க.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “ஆமாங்க, அது வேற பொண்ணோட அம்மா. வயசாச்சுங்க, மறந்துபோட்டேன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கடைசியில் ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள்.

அதன்பிறகும் “வாங்க அம்மணி” என்று சிரித்துத்தான் பேசினார். அம்மாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கேட்கமாட்டாரா என்று எத்தனையோ திங்கட்கிழமைகள் அந்த அறை வாசலில் நின்றிருக்கிறேன்.